டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அந்த ஒரு வரி: பட்டாளம் விலக்கியவரின் மனுவைப் பரிசீலிப்பது எப்படி

2018 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். பாலிதீன் பைக்குள் ஒரு துணி, துணிக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம். பட்டாளத்தில் பதின்மூன்று ஆண்டு எட்டு மாதம் பணிபுரிந்தவர். மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். தெருவில் யார் கேட்டாலும் நீண்ட விடுப்பு என்று சொல்லி வந்திருக்கிறார். புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "சாப், இந்த ஒரு வரியை மாற்ற முடியுமா?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில், இவருடைய சேவை இனித் தேவையில்லை என்று பொருள்படும் ஆங்கில வரி இருந்தது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். காலாட்படையில் எழுத்தராகச் சேர்ந்து, 28 ஆண்டுகள் கழித்து சுபேதாராக ஓய்வுபெற்றேன். கடைசி ஆறு ஆண்டுகள் ஓர் ஆவண அலுவலகத்தில் இருந்தேன். அப்படிப்பட்ட வரிகளைத் தட்டச்சு செய்த கை என்னுடையது. ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு சிறிய அறையில் மேசை போட்டு உட்காருகிறேன். எண்ணூர், காசிமேடு, கொருக்குப்பேட்டை, பெரம்பூர் என்று பல இடங்களிலிருந்து முன்னாள் படைவீரர்கள் வருகிறார்கள். சிலர் கணவனை இழந்தவர்கள். கணவர் வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்த காகிதத்தை எடுத்து வருகிறார்கள். எனக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. அடுத்து அந்த மேசையில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாம் வழக்கறிஞர்கள் இல்லை. மனு தலைமையகத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ போவதற்கு முன்னால், அது நிற்குமா நிற்காதா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. அதைச் சரியாகச் செய்தால் ஒரு மனிதருக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்: நம் நாட்டில் இதற்கென்று தனி வாரியமோ தனிப் படிவமோ கிடையாது. இணையத்தில் தேடும் பிள்ளைகள் 'டிடி 293' என்ற படிவத்தை அச்செடுத்து, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது அமெரிக்கப் படிவம். அங்கே விடுவிப்பை மறுபரிசீலிக்கத் தனி வாரியங்கள் உண்டு, 15 ஆண்டுகளுக்குள் கேட்கலாம். இங்கே அது செல்லாது. இங்கே வழி மேலதிகாரிக்கு முறையீடு, அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம்.

முதலில் விதி எண், பிறகு கதை

வந்தவர் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுங்கள். அவர் பேசத் தொடங்குவார். நடுவில் மறிக்க வேண்டாம், ஆனால் அந்தப் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யவும் வேண்டாம். அவர் சொல்வது பொய் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லி, எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது கலைந்து போயிருக்கும். பேசி முடித்த பிறகு விடுவிப்பு உத்தரவை வாங்கி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்த விதியின் கீழ் அது போடப்பட்டது என்று பாருங்கள். அந்த எண் தெரியாமல் மனு எழுதுவது முகவரி இல்லாமல் தபால் போடுவதைப் போன்றது.

பெரும்பாலும் நம் மேசைக்கு வருவது இராணுவ விதிகள் 1954-இன் 13-ஆம் விதி. அதில் மூன்றாம் உள்விதியின் அட்டவணை இருக்கிறது. உறுதிமொழி எடுத்த சிப்பாய்களுக்கான பகுதியில் ஐந்து வகை விடுவிப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்து வந்தவருக்கு நம்மிடம் வேலை இருக்காது. மூன்றாவது வகை, மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னதால் வந்தவர்கள். நான்காவது, தானே விரும்பி எழுதிக் கொடுத்தவர்கள். ஐந்தாவது, மற்ற எல்லாம். 'விரும்பத்தகாதவர்', 'சிவப்பு மைப் பதிவுகள் நான்கு' என்று வருபவை எல்லாம் இந்த ஐந்தாவதில்தான் அடங்கும். சிவப்பு மைப் பதிவு என்பது நடத்தைப் பதிவேட்டில் ஏறும் தண்டனைக் குறிப்பு. வியாசர்பாடிக்காரருடையதும் அதுதான்.

இதற்கு வெளியே இன்னும் இரண்டு உண்டு. இராணுவச் சட்டம் 1950-இன் 20-ஆம் பிரிவின் கீழ் நிர்வாக உத்தரவால் பணிநீக்கம் ஒன்று. கோர்ட் மார்ஷல் என்ற இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் பணிநீக்கம் இன்னொன்று. ஊர்ப் பேச்சில் எல்லாவற்றையும் 'டிஸ்மிஸ்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. டிஸ்மிஸ் ஆனவர் முந்தைய சேவை முழுவதற்கும் ஓய்வூதியத்தை இழக்கிறார். குடியரசுத் தலைவரின் பெயரில் விதிவிலக்காகத் தரப்பட்டால்தான் உண்டு. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தக் கதவு மூடப்படவில்லை. தான் டிஸ்மிஸ் ஆனதாகவே நினைத்து ஏழு ஆண்டுகள் கூலி வேலைக்குப் போன ஒருவரின் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அது டிஸ்சார்ஜ். அன்று அவர் என் அறையில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

வந்தவர் எந்தப் படை என்பதையும் உடனே கேளுங்கள். வடசென்னையில் துறைமுகம் இருப்பதால் கடலோரக் காவல் படையினரும், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரும் நம்மிடம் வருவதுண்டு. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் மட்டுமே உரியது. மற்றவர்களை ரிட் என்னும் நீதிப் பேராணை மனு வழியாக உயர் நீதிமன்றம் போகச் சொல்ல வேண்டும். தவறான வாசலில் நின்று ஓராண்டை இழக்க விடாதீர்கள்.

காகிதங்களைத் திரட்டுவது

வீட்டில் இருக்கும் காகிதங்கள் போதாது. நமக்கு வேண்டியவை: விடுவிப்பு உத்தரவின் நகல், விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ், அதற்கு அவர் தந்த பதில், நடத்தைப் பதிவேடு, விசாரணை நடந்திருந்தால் அதன் நடவடிக்கைக் குறிப்பு, மருத்துவக் குழு அறிக்கைகள், தொடர்புடைய பார்ட் டூ ஆர்டர்கள் (விடுப்பு, தண்டனை போன்றவற்றைப் பதிவுசெய்யும் யூனிட் உத்தரவுகள்). இவை அவருடைய ஆவண அலுவலகத்தில், அதாவது ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

விண்ணப்பத்தில் 'என் ஆவணங்கள் அனைத்தும்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். குறிப்பாக, 'விடுவிப்புக்கு முன் நடந்த பூர்வாங்க விசாரணையின் நடவடிக்கைக் குறிப்பு' என்று தனி வரியாகக் கேளுங்கள். அது இருந்தால் நகல் வரும். இல்லாவிட்டால், பதிவேட்டில் இல்லை என்று எழுத்தில் வரும். அந்த ஒரு வரி பதில், சில வழக்குகளில் மனு முழுவதையும்விடக் கனமானது.

இதில் தாமதம் செய்தால் மீட்க முடியாத இழப்பு வரும். ஓய்வூதியம் பெறாதவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகள் வரைதான் வைத்திருப்பார்கள். பிறகு அழித்துவிடுவார்கள், நீள் பட்டியல் என்ற லாங் ரோலில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். அழிப்பதற்கான பட்டியல்களை நானே தயாரித்திருக்கிறேன். ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவருடைய கடைசிச் சாட்சியம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 2001-இல் வெளியே வந்தவர் உங்கள் முன் உட்கார்ந்தால், அன்றைக்கே போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள்.

இரண்டு பத்தி நோட்டு

இனிச் சொல்வதுதான் என் முறை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பட்டாளக் காகிதம் சொல்லும் தேதிகள். வலப்பக்கம் அதே நாட்களில் அவர் வீட்டிலும் உடம்பிலும் நடந்தவை. வலப்பக்கத்துக்கு நினைவு மட்டும் போதாது. மருத்துவமனைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ரயில் டிக்கெட், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு தாள் வேண்டும். வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஆண்கள் தூக்கிப் போட்டதை அவர்கள் அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

வியாசர்பாடிக்காரருக்கு நான்கு சிவப்பு மைப் பதிவுகள். முதலாவது 2008, கூடப் பணிபுரிந்தவருடன் கைகலப்பு. அது அவர் தவறு. வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை, வெறுமையாக விட்டோம். இரண்டாவது 2012, விடுப்பு முடிந்தும் 19 நாள் தாமதம். அவருடைய மனைவி ஸ்டான்லி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வந்தார். அந்த நாட்களில் அவருடைய அம்மாவுக்கு அங்கே வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நான்காவது 2016, 23 நாள் தாமதம். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் பிறந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

மூன்றாவதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. விடுப்பு முடிந்த நாள் 2015 டிசம்பர் 3. யூனிட்டில் அவர் ஆஜரான நாள் டிசம்பர் 14. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சென்னையில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ரயில்கள் ரத்தாகிக் கிடந்தன, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் நின்றது. அந்த மனிதர் அம்மாவையும் கர்ப்பிணி மனைவியையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, முட்டளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் தேடி அலைந்த பதினோரு நாட்களுக்குத்தான் அவருக்குத் தண்டனை. "இதை நோட்டீசுக்கான பதிலில் எழுதினீர்களா?" என்று கேட்டேன். "அலுவலகத்தில் பதிலை எழுதித் தந்தார்கள், கையெழுத்துப் போட்டேன் சாப்" என்றார். பதிலில் இரண்டே வரி. வருந்துகிறேன், இனி நடக்காது.

அந்த இரண்டு வரி எனக்கு நன்றாகத் தெரியும். நான் பணிபுரிந்த யூனிட் ஒன்றிலும் அதே வாசகத்தைத்தான் வைத்திருந்தோம். பெயரும் எண்ணும் மட்டும் மாறும். கையெழுத்து வாங்கி அன்று மாலையே கோப்பை மேலே அனுப்பிவிடுவோம். அது கருணை என்றுகூட அப்போது நினைத்தேன், ஆங்கிலம் தெரியாத பையனுக்கு உதவுவதாக. அவனுடைய ஒரே வாய்ப்பை நாங்கள் இரண்டு வரியில் அடைத்துவிட்டோம் என்பதை இந்த மேசைக்கு வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். ஆகவே பதில் யார் கையெழுத்தில், எந்த மொழியில், நோட்டீஸ் கிடைத்து எத்தனை நாளில் எழுதப்பட்டது என்பதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பதிவு வந்துவிட்டாலே வெளியே அனுப்பலாம் என்பது யூனிட்களில் ஊறிப்போன நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28-ஆம் தேதி அனுப்பிய கடிதம், பாரபட்சமற்ற பூர்வாங்க விசாரணை வேண்டும் என்கிறது. விதி 13, பிரிகேட் அல்லது சப் ஏரியா தளபதி உத்தரவிடுமுன், சூழ்நிலை இடம்கொடுத்தால், விளக்கம் தர வாய்ப்பளிக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் வீரேந்திர குமார் துபே வழக்கில் இரண்டையும் சேர்த்துப் படித்தது. நான்கு பதிவுகள் இருப்பது மட்டுமே போதாது. குற்றங்களின் தன்மை, சேவைக்காலம், கடினமான இடங்களில் பணியாற்றியது ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்றது. விசாரணை இல்லாமல் போட்ட அந்த விடுவிப்பு ரத்தாயிற்று.

துபே பெற்ற நிவாரணம் என்ன என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத் தகுதிக்காலமான பதினைந்து ஆண்டு நிறைவடையும் வரை பணியில் இருந்ததாகக் கருதச் சொன்னார்கள், பின்சம்பளம் கிடையாது. வருகிறவர் சீருடை திரும்பக் கிடைக்கும் என்றும், ஒரு லாரி நிறையப் பணம் வரும் என்றும் நினைத்துக்கொண்டிருப்பார். கிடைக்கக்கூடியது பதினைந்து ஆண்டுச் சேவை என்ற கணக்கு, மாத ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் என்ற தகுதி. அது சிறிய காரியம் இல்லை. ஒழுங்கீனத்துக்காகவோ திறமையின்மைக்காகவோ விலக்கப்பட்டவரை மத்திய அரசின் வேலை விதிகள் முன்னாள் படைவீரராகவே ஏற்பதில்லை. அந்த ஒரு வரி பிள்ளைகளின் வாழ்க்கைவரை நீளுகிறது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மற்ற வகைகள்

20-ஆம் பிரிவுப் பணிநீக்கம் என்றால் 17-ஆம் விதியை எடுங்கள். குற்றச்சாட்டின் விவரத்தைத் தெரிவித்து, எழுத்தில் பதில் தரப் போதிய அவகாசம் கொடுத்தார்களா என்பதே கேள்வி.

கோர்ட் மார்ஷல் கோப்பை நீங்களே எடைபோட முயல வேண்டாம். சில தேதிகளை மட்டும் குறித்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். 34-ஆம் விதிப்படி, விசாரணை பற்றிய எச்சரிக்கைக்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவே அமைதிக் காலத்தில் 96 மணி நேரமாவது இருக்க வேண்டும். களப்பணியில் 24 மணி நேரம். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஏ.கே.பாண்டே வழக்கில் சொல்லியிருக்கிறது. நேரத்தோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக இருந்தால், அந்த இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். குற்றம் உறுதியானாலும் தண்டனை மிகையானது என்று கேட்கத் தீர்ப்பாயச் சட்டம் 15-ஆம் பிரிவில் இடமுண்டு.

மருத்துவக் காரணத்தால் வெளியே வந்தவர்களுக்குத்தான் இன்று சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மருத்துவக் குழு அறிக்கையில், நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரு வாசகம் இருக்கும். பலர் அதைப் படித்துவிட்டுத் தலைவிதி என்று போய்விடுகிறார்கள். சேர்ந்த நாளின் மருத்துவப் பதிவை வரவழையுங்கள். அதில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் தீர்ப்பு சொன்னது. குறைபாடு 20 விழுக்காட்டுக்குக் கீழ் என்று எழுதி ஓய்வூதியத்தை மறுத்திருந்தால், 2014-இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பைப் பாருங்கள். ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு வந்தவருக்குப் பழைய தீர்ப்பை அப்படியே பொருத்தக் கூடாது.

மனநோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயைச் சேரும்போதே கண்டறிய முடியாமல் போகலாம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. 2025-இல் ராஜுமோன் வழக்கில், காரணம் எழுதாத மருத்துவக் குழு அறிக்கை நிற்காது என்றது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அறிக்கையில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் கட்டத்தில் ஒரு சொல் மட்டும் இருக்கிறதா என்பதை.

ஒழுங்கு நடவடிக்கை என்று வரும் கோப்பிலும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண்மணி தம் தம்பியை அழைத்து வந்தார். எல்லையில் இரண்டு முறை பணியாற்றியவர், பிறகு குடி, வாய்த்தகராறு, சொல்லாமல் போவது. யூனிட் காகிதத்தில் அவர் ஒரு தொல்லை. நோட்டின் வலப்பக்கத்தில், அயனாவரத்தை ஒட்டிய அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பதிவுகளில் இரண்டு, அவர் அங்கே சிகிச்சையில் இருந்த வாரங்களில் போடப்பட்டவை. அக்கா அந்தச் சீட்டுகளைப் பட்டாளத்துக்கு அனுப்பவே இல்லை. பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். "அம்மா, இதுதான் உங்கள் தம்பிக்காகப் பேசும்" என்று சொல்லி, அவர் கையாலேயே நகல் எடுத்துவரச் செய்தேன்.

தானே எழுதிக் கொடுத்து வந்தவர்களிடம் மென்மையாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். மிரட்டி வாங்கினார்கள் என்பதற்கு அந்த நாட்களிலேயே எழுதிய கடிதமோ புகாரோ இல்லாவிட்டால் வழி மிகக் குறுகியது. காசிமேட்டைச் சேர்ந்த ஒருவரிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு சேவை, தம் கையெழுத்தில் தெளிவான விருப்பக் கடிதம், அதற்கு எதிராக ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி வழக்குப் போடத் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன். கோபமாக எழுந்து போனார். அந்தப் பணம் அவருடைய படகு எஞ்சினுக்குப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். இல்லை என்று சொல்லத் தெரியாதவர் இந்த மேசைக்கு வரக் கூடாது.

நாட்கணக்கு

கெடுதான் நல்ல மனுக்களையும் கொல்கிறது. இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும். முறையீடு அனுப்பி ஆறு மாதம் பதிலே இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து இன்னொரு ஆறு மாதம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. காரணத்தையும் தேதிவாரியாக, தாள்களோடு எழுத வேண்டும். வறுமை, அறியாமை என்று பொதுவாக எழுதினால் யார் மனமும் அசையாது.

வருடம் ஒருமுறை மனு அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. தமிழ்நாட்டிலிருந்து போன சி.ஜேக்கப் வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: செத்துப்போன கோரிக்கைக்குப் பதில் வாங்கிவிடுவதால் அதற்கு உயிர் வராது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படுவதால், அது தொடரும் அநீதி. 2008-இன் தர்செம் சிங் தீர்ப்புப்படி எப்போது கேட்டாலும் கேட்கலாம், நிலுவை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு. விடுவிப்பு உத்தரவு ஒரே நாளில் முடிந்துபோன செயல். அதற்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

அஸ்ஸாமில் விடுவிக்கப்பட்டாலும், வசிப்பது சென்னை என்றால் சென்னைக் கிளையிலேயே மனு போடலாம். இறந்தவரின் மனைவியும் வாரிசுகளும்கூடப் போடலாம். இலவச சட்ட உதவிக்குப் பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பாராமலே தகுதியுள்ளவர்கள். ராஜா முத்தையா சாலையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல இயக்குநரகத்திலும் வழி கேட்கலாம்.

முறையீட்டை எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் சேவை எண், பெயர், சேர்ந்த நாள், விலக்கப்பட்ட நாள், விதி. இரண்டாவதில், எந்த நடவடிக்கையைச் செய்யாமல் விட்டார்கள் என்பது, காகித எண்ணோடு. மூன்றாவதில் நோட்டின் இரண்டு பத்திகளும் மோதும் இடங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில். தவறு செய்ததை மறைக்காதீர்கள். வியாசர்பாடிக்காரரின் 2008 கைகலப்பை நாங்கள் அப்படியே ஒப்புக்கொண்டு எழுதினோம். அதனால்தான் வெள்ளத்தைப் பற்றி எழுதியதைப் படித்தவர் நம்பினார் என்று நான் கருதுகிறேன். அதிகாரிகளைத் திட்டும் வரிகளை வெட்டிவிடுங்கள். பதக்கங்களையும் கடினமான பகுதிகளில் இருந்த காலத்தையும் சேர்த்துவிடுங்கள். பலர் அடக்கத்தால் அதை விட்டுவிடுவார்கள்.

எழுதியதை அவருக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள். புரியாத தாளில் ஒருமுறை கையெழுத்துப் போட்டதுதான் அவரை இங்கே கொண்டுவந்திருக்கிறது. அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். மூலக் காகிதம் எதையும் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீட் போஸ்ட் ரசீதை நகலின் மேல் பின் குத்தி அவரிடமே கொடுத்து, ஆறாவது மாதம் முடியும் தேதியை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள்.

வியாசர்பாடிக்காரரின் முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. தீர்ப்பாயத்துக்குப் போனார். பூர்வாங்க விசாரணை பற்றிய தாள் எதுவும் பதிவேட்டில் இல்லை என்ற தகவல் உரிமைப் பதிலும், அந்த நோட்டின் நகலும் மனுவோடு போயின. சில ஆண்டுகள் ஆயின. பதினைந்து ஆண்டு சேவையாகக் கருத வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இங்கே வேலை முடிந்துவிட்டது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உத்தரவு வேறு, அது காகிதத்தில் ஏறுவது வேறு. திருத்திய சான்றிதழ் கைக்கு வந்ததும் விடுவிப்புக் காரணம் எழுதிய கட்டத்தைப் பாருங்கள். பழைய வாசகம் அப்படியே தங்கியிருக்கக் கூடும். சேவைக்காலம் ஆண்டு, மாதம், நாள் மூன்றிலும் சரியா என்று கூட்டிப் பாருங்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். நாளை குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைய வேண்டியது அவர்தான்.

வியாசர்பாடிக்காரர் புதிய சான்றிதழை அதே பழைய துணியில் சுற்றி எடுத்து வந்தார். காரணக் கட்டம் மாறியிருந்தது. இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். பிறகு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சேவை எண்ணைப் பார்த்தேன். நடுவில் ஓர் இலக்கம் தவறியிருந்தது. திங்கட்கிழமை காலை தபால் நிலையம் திறந்ததும், திருத்தம் கேட்கும் கடிதத்தை முதல் ஆளாக நின்று அனுப்பினோம்.